எந்த முழத்தால் அளந்தனர்?

பூக்காரியின் முழமும் துணிக்கடைக்காரரின் முழமும் ஒன்றல்ல என்பதை அறிய நூலறிவு வேண்டுவதில்லை. முழங்கை தொடங்கி நடுவிரல் நுனிவரை ஒரு முழம் என்பது இலக்கணம். அக்கை யாருடைய கை என்பதை அவ்விலக்கணம் சொல்வதில்லை. விரல், சாண், முழம், அடி, பாகம் என மனித உடலையே அளவுகோலாகக் கொண்டு உலகம் பல்லாயிரம் ஆண்டுகள் நடந்து வந்துள்ளது. அவ்வளவுகளைக் கொண்டே வீடு கட்டினர், வயலைப் பங்கிட்டனர், கப்பல் செலுத்தினர். ஓர் ஊருக்குள் அதனால் பெருங்குழப்பம் எதுவும் விளையவில்லை. ஓர் ஊரார் எழுதிவைத்த முழத்தை வேற்றூரார் படிக்க நேர்ந்தபோதுதான் இடர்ப்பாடு பிறந்தது.

எம் துறையில் முதுகலை மாணவர்க்கு மொழிபெயர்ப்புத் தாளினை யாம் பல ஆண்டுகளாகக் கற்பித்து வருகின்றோம். பயண நூற்பகுதி ஒன்றைத் தமிழாக்கம் செய்யக் கொடுத்தால், ‘பர்ஸக்’ என்னும் பாரசீக, அரபு அளவினைக் கண்டவுடன் மாணவர் பலரும் ‘காதம்’ என்று எழுதிவிடுவர். ஓசையும் இனியது, பழமையும் உடையது. ஆனால், காதம் என்பது எவ்வளவு? கணக்கதிகார வாய்பாட்டின்படி 12 விரல் ஒரு சாண். 2 சாண் ஒரு முழம். 4 முழம் ஒரு கோல். 500 கோல் ஒரு கூப்பீடு. 4 கூப்பீடு ஒரு காதம். ஆகக் காதம் ஒன்றுக்கு 8,000 முழம். முழத்தை ஒன்றரை அடியாகக் கொண்டால் இது 3.7 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். அகராதிகளைப் புரட்டினாலோ காதம் ஏறத்தாழப் பத்து மைல், அதாவது 16 கிலோமீட்டர் என்று காண்கின்றோம். ஒரே சொல், நான்கு மடங்குக்கும் மேற்பட்ட வேறுபாடு! கூப்பிட்டால் கேட்கும் தொலைவே கூப்பீடு எனின், கூப்பிடுபவர் குரல்வளத்தையும் காற்றின் போக்கையும் கணக்கிற் சேர்க்க வேண்டும் போலும்.

இவ்விடர் எமக்கும் எம் மாணவர்க்கும் மட்டும் நேர்ந்ததன்று. பக்தாதில் கிரேக்க நூல்களை அரபு மொழியில் ஆக்கிய பேரறிஞர்களுக்கும் இதுவே நேர்ந்தது. கலீபா மஃமூன் ஆட்சி புரிந்தது 813 முதல் 833 வரை. அக்காலத்தில் தாலமியின் நூல்கள் அரபியில் பெயர்க்கப்பட்டன. நிலவுலகின் சுற்றில் ஒரு பாகைக்கு 500 ஸ்டேடியம் என்று தாலமி எழுதியிருந்தார். சொல்லைப் பெயர்த்தாயிற்று, பொருள் விளங்கவில்லை. ஸ்டேடியம் என்பது எத்தனை முழம் என்று மொழிபெயர்ப்பாளருள் எவராலும் உறுதியாகக் கூற இயலவில்லை என்று பின்னாளில் அல்பிரூனி எழுதுகின்றார். அகராதி கைவிட்ட இடத்தில் அரசர் என் செய்வார்? ஏதேனும் ஓர் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். மஃமூன் அவ்வாறு சொல்லவில்லை. நிலத்தைப் புதிதாக அளந்து வாருங்கள் என்று அறிஞர்களை அனுப்பினார்.

ஏறத்தாழ 830ஆம் ஆண்டளவில் அவ்வறிஞர் குழுவினர் இன்றைய இராக்கின் வடமேற்கிலுள்ள சிஞ்சார் சமவெளிக்குச் சென்றனர். ஓரிடத்தில் நின்று வான்துருவத்தின் உயரத்தைப் பாகையில் குறித்துக்கொண்டனர். அவ்விடத்தினின்று ஒரு சாரார் நேர் வடக்கே சென்றனர். மற்றொரு சாரார் நேர் தெற்கே சென்றனர். கயிற்றை இழுத்துக் கட்டி, முளை அடித்து, மீண்டும் கயிற்றை இழுத்து, துருவத்தின் உயரம் ஒரு பாகை ஏறும்வரை ஒரு குழுவும், ஒரு பாகை இறங்கும்வரை மற்றொரு குழுவும் நடந்தன. நடந்த தொலைவே நிலவுலகச் சுற்றில் 360இல் ஒரு பங்கு. கிடைத்த விடை 56 மைல் என்றும், 56 2/3 மைல் என்றும் இரு விதமாகப் பதிவாகியுள்ளது, பின்னதே பெருவழக்காயிற்று. மைல் ஒன்றுக்கு 4,000 ‘கருமுழம்’. கருமுழம் என்பது அக்காலத்தே வழங்கிய ஒரு முழத்தின் பெயர். அரபியில் அத்திராவுஸ் ஸவ்தா.

பிறர் மொழியின் அளவு விளங்காமையால், தம் கையாலேயே நிலத்தை அளந்து, தம் மொழியின் அளவில் விடை எழுதிய இச்செயலை யாம் எத்துணைப் போற்றினும் தகும். ஆயினும் காலத்தின் விளையாட்டைப் பாருங்கள். ஸ்டேடியம் என்ன நீளம் என்று தெரியாமல் மஃமூனின் அறிஞர் திகைத்தனர். அவர்தம் மைல் என்ன நீளம் என்று தெரியாமல் பின்வந்தோர் திகைத்தனர், திகைத்திருந்தாலும் நன்றாயிருந்திருக்கும். சிலர் திகைக்கவே இல்லை.

கிறிஸ்டோபர் கொலம்பஸ் அவருள் ஒருவர். ஒன்பதாம் நூற்றாண்டின் வானியலறிஞர் அல்பர்கானியின் நூல் பன்னிரண்டாம் நூற்றாண்டில் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பாவெங்கும் பயிலப்பட்டது. பாகைக்கு 56 2/3 மைல் என்ற அளவு அதன் வழியே கொலம்பசை அடைந்தது. தாம் படித்த நூலின் ஓரத்தில் அவர் அவ்வெண்ணைக் குறித்தும் வைத்தார். ஆனால், அரபு மைலைத் தம் நாட்டில் வழங்கிய சுமார் 1,480 மீட்டர் நீளமுள்ள மைலாகவே அவர் எடுத்துக்கொண்டார். எழுத்திலும் ஓசையிலும் இரண்டும் ஒன்றே. அரபியின் ‘மீல்’ என்ற சொல்லும் இலத்தீன் வேரினின்று வந்ததுதானே! அவ்வாறு பெருக்கினால் பாகை ஒன்றுக்குச் சுமார் 84 கிலோமீட்டரே வரும். உலகின் சுற்றளவு 30,200 கிலோமீட்டராகச் சுருங்கிவிடும். உண்மை அளவோ சுமார் 40,000 கிலோமீட்டர். உலகின் காற்பங்கை ஒரு பெருக்கற்கணக்கு விழுங்கிவிட்டது. ஆசியாக் கண்டம் கிழக்கே மிக நீண்டு கிடப்பதாகவும் அவர் நம்பினார். இரண்டும் சேர்ந்து, மேற்கே சில வாரங்கள் கலம் செலுத்தினால் கிழக்காசியாவை அடையலாம் என்ற துணிவை அவர்க்கு அளித்தன. 1492இல் இடையே அமெரிக்கா குறுக்கிட்டிராவிடின் அம்மாலுமிகள் உணவும் நீருமின்றி நடுக்கடலிலேயே மாண்டிருப்பர். கணக்குத் தவறியவருக்குக் கண்டம் ஒன்று கிடைத்தது. நம் மாணவர்க்கு மதிப்பெண்கூடக் கிடைப்பதில்லை!

இனி அல்பிரூனியிடம் வருவோம். இக்கட்டுரையை யாம் எழுத முற்பட்டதே அவர் பொருட்டுத்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் எம் கல்லூரியில் நடந்த கண்காட்சி ஒன்றுக்கு, இடைக்கால அறிவியலறிஞர்களைத் தமிழில் அறிமுகம் செய்யும் விளக்க அட்டைகளை ஆக்கும் பொறுப்பு எம் துறைக்கு வந்தது. அல்பிரூனிக்கு ஓர் அட்டை. அவர் 973இல் குவாரிஸ்மில் பிறந்தவர். இந்தியாவைப் பற்றி அரிய நூல் செய்தவர். இன்றைய பாகிஸ்தானின் பஞ்சாபிலுள்ள நந்தனா கோட்டையருகே ஒரு குன்றின்மீது நின்று நிலவுலகின் அரைவிட்டத்தைக் கணக்கிட்டவர். இச்செய்திகளை மாணவர் செம்மையாக எழுதிவிட்டனர். கடைசி வரியாக, அவர் கண்ட அளவு 6,340 கிலோமீட்டர் என்றும், இன்றைய அளவினின்று 17 கிலோமீட்டரே குறைவு என்றும் பெரிய எழுத்தில் தீட்டியிருந்தனர். மேடைப் பேச்சுகளிலும் மலர்க் கட்டுரைகளிலும் இவ்வரியை நம்மில் பலரும் கண்டிருப்போம்.

முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் அவ்வட்டையை எம்மிடம் எடுத்து வந்தார். “ஐயா, பிரூனி கிலோமீட்டரில் எழுதியிருக்க மாட்டார் அல்லவா? அவர் எழுதிய எண் எது?” என்று வினவினார். இவ்வினா எழுப்பும் மாணவர் ஒருவர் ஓராண்டில் கிடைத்தாலும் ஆசிரியப் பணி பயனுடையதே.

பிரூனி எழுதியது முழத்தில். அவருடைய முறையின் எளிமை வியக்கத்தக்கது. மஃமூனின் குழுவினரைப் போலச் சமவெளியில் அளக்க அவரும் முன்னர்க் காஸ்பியன் கடலின் தென்கிழக்குப் பகுதியில் விரும்பியதுண்டு. உதவுவார் இன்மையால் அது கைகூடவில்லை. நந்தனாவில் குன்று ஒன்று கண்டார். அதன் உயரத்தைக் கீழிருந்தே கோணங்களால் அளந்தார். 652 முழமும் சிறிது கூடுதலும். பின் உச்சிக்கு ஏறி, வானும் நிலமும் கூடும் விளிம்பு கிடைமட்டத்தினின்று எவ்வளவு தாழ்ந்துள்ளது என்று பார்த்தார். 34 கலை, அதாவது அரைப்பாகைக்குச் சற்று மேல். இவ்விரண்டு எண்களும் முக்கோணக் கணிதமும் போதுமாயின. நிலவுலகின் அரைவிட்டம் 1,28,51,369 முழம் எனக் கண்டார். அதன்படி பாகை ஒன்றுக்கு 56 மைலுக்குச் சற்றுக் கூடுதலாக வருகிறது. கயிறும் முளையும் தூக்கிய பெருங்கூட்டம் கண்ட விடையையே ஒரு மனிதர் ஒரு குன்றின்மேல் நின்று கண்டார்.

யாமும் அம்மாணவரும் தாளும் எழுதுகோலும் கொண்டு அமர்ந்தோம். முழத்துக்கு 49.33 சென்டிமீட்டர் என்று கொண்டால் 6,340 கிலோமீட்டர் வருகிறது. அட்டையிலிருந்த எண் இதுவே. 49.33 என்பது அரபு வானியலை ஆராய்ந்த இத்தாலிய அறிஞர் நல்லினோ கொண்ட மதிப்பு. இஸ்லாமிய அளவைகளைப் பற்றி 1955இல் நூல் வெளியிட்ட ஜெர்மானிய அறிஞர் வால்டர் ஹின்ஸ், மார்க்க வழக்கிலுள்ள முழத்துக்கு 49.875 சென்டிமீட்டர் என்பார்; அதனால் பெருக்கினால் 6,410 வரும். கருமுழம் என்பதற்கு அவரே தரும் மதிப்பு 54.04 சென்டிமீட்டர். அதனால் பெருக்கினால் 6,945 கிலோமீட்டர்! உலகின் சராசரி அரைவிட்டம் 6,371 கிலோமீட்டர். அதனினும் 570 கிலோமீட்டருக்கு மேல் மிகுந்துவிடுகிறது.

மற்றொன்றையும் அம்மாணவரே கண்டுபிடித்தார். 17 கிலோமீட்டர் வேறுபாடு என்பது துருவத்தை நோக்கிய அரைவிட்டமாகிய 6,357உடன் ஒப்பிட்டுப் பெற்றது. சராசரியோடு ஒப்பிட்டால் வேறுபாடு 31 கிலோமீட்டர். நிலநடுக்கோட்டின் அரைவிட்டமாகிய 6,378உடன் ஒப்பிட்டால் 38 கிலோமீட்டர். எது மிக அருகில் நிற்கிறதோ அதனை எவரோ ஒருவர் தேர்ந்துகொண்டிருக்கிறார். பிரூனி பேசாதிருக்க, அவர் சார்பாக நாம் எத்தனை தேர்வுகளைச் செய்துவிடுகின்றோம்!

முழம் இவ்வளவுதான் என்று பிறிதொரு சான்றால் அறிந்து, அதனால் பெருக்கி, விடை உண்மைக்கு நெருங்கினால் அது அளந்தவரின் திறம். விடை நெருங்க வேண்டும் என்பதற்காகவே முழத்தைத் தேர்ந்துகொண்டால், அளந்தவரும் நாமே, அளக்கப்பட்டவரும் நாமே. செக்குமாடு எத்துணைத் தொலைவு நடந்தாலும் ஊர் எல்லையைக் கடப்பதில்லை.

அட்டையின் கடைசி வரியை மாற்ற முடிவு செய்தோம். அவ்வேளையில்தான் கண்காட்சிக்குப் பொருளுதவி புரிந்த சமுதாயப் பெரியவர் ஒருவர் ஏற்பாடுகளைக் காண வந்தார். கற்றவர், நூலகத்துக்கு நூல்களை வாரி வழங்கியவர். செய்தியறிந்து அவர் முகம் வாடிற்று. “பேராசிரியர் அவர்களே, உலகமெல்லாம் தத்தம் முன்னோரை ஒன்றுக்கு இரண்டாக உயர்த்திப் பேசுகிறது. நம் பிள்ளைகளுக்கு நம் முன்னோரைப் பற்றித் தெரிவதே இந்த ஒரு வரிதான். அதையும் நீங்களே அழித்துவிட்டால் எப்படி?” என்றார். அவர் சொல்லில் ஆத்திரம் இல்லை, கவலையே இருந்தது. அக்கவலையை எளிதில் தள்ளிவிட எமக்கு மனம் வரவில்லை. பாடநூல்களில் இவ்வறிஞர்களின் பெயர்கூட இடம்பெறாத நாள்களை அவர் கண்டவர்.

மறுமொழி கூறியவர் அம்மாணவரே. “ஹாஜியார், கிரேக்க அறிஞர் எரடோஸ்தனிஸ் உலகின் சுற்றளவை 2,52,000 ஸ்டேடியம் என்றார். ஸ்டேடியத்துக்கு 157.5 மீட்டர் என்று கொண்டால் 39,690 கிலோமீட்டர் வரும். எல்லோரும் புகழ்வது அந்தக் கணக்கைத்தான். ஏதென்ஸ் நகரில் வழங்கிய 185 மீட்டர் என்று கொண்டால் 46,620 கிலோமீட்டர் ஆகிவிடும். அவர்கள் செய்வது சரியில்லை என்று நாம் சொல்ல வேண்டுமானால், முதலில் நம் கணக்கைச் சரியாக எழுத வேண்டாமா?” என்றார்.

பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், “அப்படியானால் அந்தக் கிரேக்கர் கணக்கையும் பக்கத்திலேயே எழுதிப் போடுங்கள் தம்பி. எழுதினால் இரண்டையும் எழுத வேண்டும்” என்றார். அவ்வாறே எழுதினோம். அட்டை நீண்டுவிட்டது, வண்ணம் தீட்டிய மாணவர்க்கு வருத்தமே. பிரூனியின் முழக்கணக்கு முதலில். அதன்கீழ் மூவகை முழத்தாலும் பெருக்கிய மூன்று விடைகள். அவற்றின் கீழே எரடோஸ்தனிசின் இரு விடைகள். பார்வையாளர் பலர் அவ்வட்டையின் முன் பிறவற்றினும் நெடுநேரம் நின்றனர். சிலர் குழம்பிச் சென்றனர் என்பதும் உண்மையே.

பிரூனியின் பெருமை இதனால் ஓர் இம்மியும் குறைந்ததாக யாம் கருதவில்லை. ஒளி காற்றில் வளைவதால் தொலைவிலுள்ள விளிம்பு சற்று உயர்ந்தே தோன்றும். அதற்கு ஈடுசெய்யும் கணக்கு அவர் காலத்தில் இல்லை. அரைப்பாகையளவு கோணத்தில் ஒரு கலை பிறழ்ந்தாலும் விடை பல நூறு கிலோமீட்டர் பிறழும். இதனை அவரே நன்கு உணர்ந்திருந்தார். தம் முறையினால் கிடைத்த விடை மஃமூனின் குழுவினர் கண்டதற்கு நெருங்கி நிற்பதைக் கண்டு மனம் நிறைந்தார். அவர்தம் கருவிகள் நுட்பமானவை, அவர்தம் உழைப்பு மிகுதியானது என்று கூறி, தம் எண்ணை விடுத்து அவர்தம் எண்ணையே ஏற்றுக்கொண்டார். தம்முடைய எண்ணைத் தாமே பின்னுக்குத் தள்ளிய அறிஞரை, 17 கிலோமீட்டர் என்ற ஒரு வரிக்குள் அடைத்துக் காட்டுவது அவர்க்குச் செய்யும் சிறப்பாகுமா?

பிறிதொரு சான்றால் முழத்தை அறிதல் என்றோமே, அது இயலுவதுதான். கல்லில் நிற்கும் அளவு அழிவதில்லை. கெய்ரோவின் ரவ்தா தீவில், நைல் ஆற்றின் வெள்ளத்தை அளக்க 861ஆம் ஆண்டில் அமைத்த நீர்மானி இன்றும் நிற்கிறது. அதன் நடுத்தூணில் முழக்குறிகள் வெட்டப்பட்டுள்ளன. மீட்டர்க்கோலை வைத்து அளந்தால் முழம் ஒன்று சராசரியாக 54 சென்டிமீட்டர். ஹின்ஸ் தரும் மதிப்பு இத்தூணிலிருந்து வந்ததே. இந்நீர்மானிப் பணியை மேற்பார்த்தவர் அல்பர்கானி என்று வரலாற்றாசிரியர் கூறுவர். கொலம்பசின் கைக்குச் சென்ற 56 2/3 மைலை எழுதிய அதே பர்கானி! ஆனால், ஆற்றை அளந்த முழமும் சிஞ்சாரில் நிலத்தை அளந்த முழமும் ஒன்றுதானா என்பதில் ஆய்வாளர் ஒருமிக்கவில்லை. 54 சென்டிமீட்டராகக் கொண்டால் மஃமூனின் பாகை 122 கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். 49.33 எனில் 111.8. அவ்விடத்தே உண்மை அளவு 111 கிலோமீட்டரை ஒட்டியது.

தாஜ்மகாலுக்கும் இம்முறை பொருந்தும். ஷாஜஹானின் அவை வரலாற்றாசிரியர் லாஹோரி அக்கட்டடத்தின் நீள அகலங்களைக் கஜத்தில் எழுதிவைத்துள்ளார். கட்டடம் கண்ணெதிரே நிற்கிறது. நாடாவால் அளந்து, அவர் சொன்ன எண்ணால் வகுத்தால் கஜம் ஒன்று 80 சென்டிமீட்டரைச் சுற்றியே அமைகிறது. இங்கு எவரும் தமக்கு வேண்டிய விடையை முன்கூட்டித் தேர்ந்துகொள்ள இயலாது. இதற்கு மாறாக ஆங்கில ஆட்சியார் 19ஆம் நூற்றாண்டில் வட இந்தியாவின் இலாஹி கஜத்தை 33 அங்குலம் என்று அறுதியிட்டனர். இது 84 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அங்குலத்தில் 33 என்று ஏன் முடிந்தது? 60 கஜம் நீளமும் 60 கஜம் அகலமும் உடைய ஒரு பீகா நிலம் அவ்வாறாயின் 3,025 சதுர கெஜமாகும். அதாவது சரியாக எட்டில் ஐந்து ஏக்கர். வரி விதிப்போர்க்கு எத்துணை வசதி! வரலாற்றை அறிய எழுந்த அளவன்று அது. கணக்கெழுத எளிதான அளவு. பிற்காலத்து அட்டவணைகள் பலவற்றில் அக்பர் காலத்துக் கஜம் 33 அங்குலம் என்றே காணப்படுவதற்கு இதுவே காரணம்.

கண்காட்சி முடிந்தபின் அப்பெரியவர் மீண்டும் எம் துறைக்கு வந்தார். இம்முறை அம்மாணவரைத் தேடியே வந்தார். பயணத்தில் தொழுகையைச் சுருக்குவதற்குரிய தொலைவு 16 பர்ஸக், அதாவது 48 மைல் என்று நூல்கள் கூறுகின்றன. தமிழ் நூல் ஒன்றில் 77 கிலோமீட்டர் என்றும், வேறொன்றில் 88 கிலோமீட்டருக்கு மேல் என்றும் உள்ளதே, ஏன் என்பது அவர் ஐயம். தீர்ப்பு ஆலிம் பெருமக்களுக்குரியது. அதில் தலையிட எமக்கு உரிமையுமில்லை, தகுதியுமில்லை. கணக்கு மட்டும் எம்முடையது. மைல் என்பதை 1,609 மீட்டராகிய ஆங்கில மைலாகக் கொண்டால் 77 கிலோமீட்டரும் சிறிதும் ஆகும். 1,848 மீட்டராகக் கொண்டால் 88.7 கிலோமீட்டர் ஆகும். 48 என்பதில் இரு நூலாரும் வேறுபடவில்லை. மைல் என்ற சொல்லை எந்நாட்டுக் கோலால் அளப்பது என்பதிலேதான் வேறுபாடு. மாணவர் இதைத் தாளில் எழுதிக் காட்ட, பெரியவர் அத்தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மீட்டர் வந்தபின் இத்தொல்லை ஒழிந்தது என்று கருதுவோர்க்கு ஒரு செய்தி. வில்லியம் லாம்ப்டன் 1802இல் சென்னைப் பரங்கிமலை அருகே ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டினை 100 அடி எஃகுச் சங்கிலியால் அளந்து, இந்தியாவின் பெரும் முக்கோண நில அளவையைத் தொடங்கிவைத்தார். வெயிலில் சங்கிலி நீளும் என்பதால் வெப்பநிலையையும் குறித்துக்கொண்டார். சிஞ்சாரில் கயிறு செய்த பணியை இங்கே சங்கிலி செய்தது. அந்நில அளவையின் அடியை மீட்டராக மாற்றும்போது 0.3047996 எனக் கொண்டனர். இன்று உலகோர் ஏற்ற அடியோ 0.3048 மீட்டர். கண்ணுக்குத் தெரியாத வேறுபாடுதான். ஆனால் நிலவுலகின் அரைவிட்டத்தை இவ்விரண்டாலும் தனித்தனியே பெருக்கினால் எட்டு மீட்டர் விலகும். அமெரிக்காவிலும் இரு வகை அடிகள் அருகருகே வழங்கின; நில அளவைக்கெனத் தனித்திருந்த அடியை அவர்கள் 2022ஆம் ஆண்டின் முடிவில்தான் கைவிட்டனர்.

அம்மாணவர் இப்போது ஆய்வு மாணவராக எம் துறையிலேயே உள்ளார். சோழர் காலத்து நில அளவுகோல்கள் அவர் எடுத்துக்கொண்ட பொருள். பதினாறு சாண் கோல், பன்னிரு சாண் கோல் எனக் கல்வெட்டுகள் பல கோல்களைக் கூறும். சில கோயில்களின் சுவரிலும் அடித்தளத்திலும் கோலின் நீளமே கோடாக வெட்டப்பட்டு, இரு முனைகளிலும் குறியிடப்பட்டுள்ளது. அக்கோட்டினைச் சாணின் எண்ணிக்கையால் வகுத்தால் அவ்வூர்ச் சாண் கிடைக்கும். இரட்டித்தால் அவ்வூர் முழம். ஓரூர்க் கோட்டிற் கிடைத்ததை வேற்றூர் நிலத்துக்கு ஏற்றிப் பெருக்குவதில்லை என்று தம் ஆய்வேட்டின் முதற்பக்கத்திலேயே அவர் எழுதியுள்ளார். சென்ற வாரம் எஃகு நாடா ஒன்றைத் துறையிலிருந்து கேட்டு வாங்கிச் சென்றிருக்கின்றார். துணி நாடா இழுத்தால் நீளுமாம்.